காலில் எழுதிய பெயர்

மரக்காளான் என்று சொன்னால் ஒன்றுமே சொன்னதாக ஆகாது. மண்ணில் முளைப்பவற்றுக்கு நம்மிடம் பெயர்கள் உண்டு. புற்றருகே குடை விரிப்பது புற்றுக்காளான். பொடிப்பொடியாகத் தரையெங்கும் வெள்ளை பரப்புவது அரிசிக்காளான். சந்தைக்கு வருவதில் சிப்பிக்காளான், பால் காளான், வைக்கோல் காளான். சட்டியில் ஏறுகிறவை அனைத்துக்கும் பெயர் இருக்கிறது. ஏறாதவை மொத்தமும் நாய்க்குடை. அவற்றிலும் கட்டையில் ஒட்டிக்கொண்டு, தோல்போல விறைத்து நிற்பவை மரக்காளான். மழைக்காலத்தில் ஒரு காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால் இப்படிப் பல வகை கண்ணில் படும். அத்தனையையும் ஒரே சொல்லுக்குள் தள்ளிவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். நாற்பது வயது வரை நானும் அப்படித்தான் நடந்தேன்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு இன்னும் துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது. 1890களில் தொடங்கி மலை முழுவதும் தேயிலையும் காப்பியும் ஏறியபோது செங்குத்துச் சரிவிலும் ஓடைக்கரையிலும் விட்டுப்போன மிச்சங்கள் அவை. அப்படி ஒரு துண்டுக்குள், தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று, ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில் நுழைந்தேன். வழிகாட்ட வந்தவர் முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அட்டைக்கென்று புகையிலைத் தூளையும் உப்பையும் கலந்து துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஓடையைத் தாண்டியதும், ஆள் தொடைப் பருமனில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. பட்டை பாதி உரிந்திருந்தது. அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னப் புனல்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன். உட்பக்கத்தில் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக: காப்பி டிகாக்‌ஷன் நிறம், கருப்பட்டி நிறம், செங்கல் நிறம், விளிம்பில் மட்டும் வெளிறிய ஒரு கோடு. மெருகு போட்டதுபோல மினுங்கின. இரவு பெய்த மழை புனல்களில் தேங்கியிருந்தது. ஒன்றில் ஓர் எறும்பு மிதந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“திங்கிற காளான் இல்ல தம்பி இது. இதுக்குப் பேரு எதுக்கு?” என்றார் அம்மா.

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. பெயர் வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருந்தது. அழகான முகம் ஒன்றைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, யார் என்று விசாரிக்காமல் ஊர் திரும்ப முடியாத தவிப்பு.

தவிப்போடு செய்த முதல் காரியங்கள் எல்லாமே தப்பாகப் போயின. கைபேசியில் படம் எடுத்து ஒரு செயலியிடம் காட்டினேன். வான்கோழி வால் என்று உலகமெங்கும் சொல்லப்படும் டிராமிட்டஸ் வெர்சிகலர் என்று அது பெயர் சொன்னது. வளைய வளையமான நிறத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. வான்கோழி வாலுக்குத் தண்டே கிடையாது. அது மரத்தோடு பக்கவாட்டில் ஒட்டி அடுக்கடுக்காக விரிவது. என் காளான் ஒரு காலில் நின்றது. அதைப் படத்தில் நான் காட்டவே இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் தொப்பி மட்டும்தான் இருந்தது. பறித்த ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி ஊருக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாளில் உறைக்குள் வியர்த்து, வெண்மையும் பச்சையுமாக வேறொரு பூசணம் அதன்மேல் படர்ந்துவிட்டது. காளானைக் காகிதத்தில்தான் சுற்ற வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது. பெயர் தெரியாமலேயே ஓர் உயிரின் காயை வீணாக்கிவிட்டோம் என்ற குற்றவுணர்வு நெடுநாள் இருந்தது.

காய் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நாம் காளான் என்று பார்ப்பது கனி மட்டும். உயிர், கட்டைக்குள் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக மரத்தின் நார்களுக்கு இடையே ஊடுருவி, மரத்தைக் கரைத்துக் குடித்து, மாதக்கணக்கில் ஏன் ஆண்டுக்கணக்கில்கூட யார் கண்ணுக்கும் படாமல் வாழ்கிறது. ஈரமும் பக்குவமும் கூடிவரும்போது பட்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு காயை வெளியே நீட்டுகிறது. மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு மாமரத்தை அறிய முயல்வது போன்றதுதான் இந்த வேலை முழுவதும். அதிலும் மரம் முழுக்க இன்னொரு மரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

அடுத்த முறை காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனது ஓய்வுபெற்ற ஒரு தாவரவியல் பேராசிரியரிடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். டி.எஸ். சதாசிவன், சி.வி. சுப்பிரமணியன் போன்றவர்களால் பூஞ்சையியலுக்குப் பேர்போன இடம் அது. அந்த மரபில் வந்தவர்களுக்கு உரிய ஒரு நிதானம் அவரிடம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் பெயர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சொல்லவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸை என்னிடம் கொடுத்தார்.

“தொப்பியைப் பாத்து மயங்காதீங்க. தலைகீழாத் திருப்புங்க.”

திருப்பினேன். அடிப்பக்கம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. வெறுங்கண்ணுக்கு வழவழப்பான காகிதம் மாதிரித்தான் தெரிந்தது. “வழவழப்பா இருந்தா இது போடோசைஃபா. அதுவும் இதே மாதிரிப் புனல்தான், இதே மாதிரிக் கட்டையிலதான் வரும். வழவழப்புத்தானா?” லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, காளானை மெல்ல அருகே கொண்டுவரச் சொன்னார். ஒரு தூரத்தில் சட்டென்று காகிதம் உடைந்து சல்லடை ஆனது. வட்ட வட்டமாகத் துளைகள். ஊசி முனையும் நுழையாத துளைகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கண் போகும் வரை. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் எட்டு முதல் பத்து துளை வரை இருக்கும் என்றார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள என் காளானில், மில்லிமீட்டருக்கு எட்டு என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், சுமார் 1,80,000 துளைகள் வருகின்றன. ஒவ்வொரு துளையும் ஒரு நுண்குழாய். அதன் உட்சுவர் முழுக்க, விதைபோல இனம் பரப்பும் ஸ்போர்கள் உருவாகும் பரப்பு. நேர்கீழாகத் தொங்கும் குழாயில் ஸ்போர் சுவரிலிருந்து தெறித்து, எதிர்ச்சுவரில் மோதாமல் நடுவில் நின்று, கீழே விழுந்து, காற்றில் கலக்க வேண்டும். அதற்காகத்தான் அடிப்பக்கம் தரை நோக்கி இருக்கிறது. மேலே வளையம் போட்ட அழகெல்லாம் இந்தச் சல்லடைக்கு வேய்ந்த கூரை.

துளை இருந்ததால் போடோசைஃபா போயிற்று. துளை இவ்வளவு சிறிதாக இருந்ததால், கண்ணுக்கே தெரிகிற பெரிய கட்டங்கள் கொண்ட லென்டினஸ் ஆர்குலேரியஸ் போயிற்று. பிறகு ஒரு துணுக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டார். பழுப்பு நிறக் காளான்களில் ஒரு பெருங்குடும்பம், ஹைமனோகீட்டேசி, இந்தச் சொட்டு பட்டால் கறுத்துப்போகும். இது கறுக்கவில்லை. அந்தக் குடும்பமும் போயிற்று. அடையாளம் காண்பது என்றால் தேடிப்போய்க் கண்டுபிடிப்பது என்றே நான் நினைத்திருந்தேன். அன்று நடந்தது வேறு. இது இல்லை, அதுவும் இல்லை என்று ஒவ்வொருவராக வாசலில் நிறுத்திவிட்டு, மிஞ்சியவரை உள்ளே அழைப்பது.

கடைசியாகத்தான் காலைப் பார்க்கச் சொன்னார். தண்டு ஒரு குச்சி அளவு. கீழே, மரப்பட்டையைத் தொடும் இடத்தில், ஒரு சிறு வட்டத் தகடாக விரிந்திருந்தது. ஒரு பொட்டு அளவுதான். மஞ்சள் நிறம். பூசினாற்போல, பட்டையின் கறுப்புக்கு மேல் துல்லியமாகத் தெரியும் மஞ்சள். காட்டில் அத்தனை நேரம் மண்டியிட்டுப் பார்த்தேன், இது என் கண்ணில் படவில்லை. பறிக்கும்போதும் தண்டை நடுவில் ஒடித்துவிடாமல் கத்தியால் பட்டையோடு சேர்த்துப் பெயர்த்தது தற்செயல். ஒடித்திருந்தால் பெயர் கட்டையிலேயே தங்கியிருக்கும்.

பெயர் அங்கேதான் இருந்தது. மைக்ரோபோரஸ் ஸான்தோபஸ். முதல் சொல்லுக்குச் சிறுதுளை என்று பொருள். இரண்டாம் சொல் கிரேக்கத்தில் மஞ்சள் பாதம். லென்ஸில் நான் கண்டதும் காலில் கண்டதும், அவ்வளவுதான் பெயர். பேரினத்துக்கு மைக்ரோபோரஸ் என்று பெயர் வைத்தவர் பிரான்ஸின் பாலிசோ த பூவா. மேற்கு ஆப்பிரிக்காவின் ஓவாரே, பெனின் பகுதிகளில் அலைந்து திரும்பியவர். மஞ்சள் பாதத்தைக் கண்டு பெயர் வைத்தவர் ஸ்வீடனின் எலியாஸ் ஃபிரீஸ். 1818இல் பாலிபோரஸ் ஸான்தோபஸ் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை. இரண்டு சொற்களையும் இன்று வழங்குவதுபோல இணைத்தவர் ஜெர்மானியரான ஓட்டோ குன்ட்ஸே, 1898இல். ஃபிரீஸ் தம் வாழ்நாளில் வெப்பமண்டலக் காடு எதையும் பார்த்ததில்லை. கப்பலில் காய்ந்து வந்த மாதிரிகளைத் தம் ஊர்க் குளிரில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தவர். ஆனாலும் அவர் பாதத்தைப் பார்த்தார். காட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஃபிரீஸ்மேல் மிகுந்த மரியாதை உண்டாகிறது.

ஆனால் ஃபிரீஸின் பார்வை எங்கே நின்றதோ அங்கிருந்து இந்தக் காளானின் இன்னொரு கதை தொடங்குகிறது. அது நடந்தது சிங்கப்பூரில். 1929இல் இ.ஜே.எச். கார்னர் என்ற இளம் ஆங்கிலேயர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் உதவி இயக்குநராக வேலைக்கு வந்தார். மலாயாவின் மரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். பழக்கிய குரங்குகளை மரமேற்றி மாதிரிகள் பறிக்க வைத்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் அவருடைய முதல் காதல் காளான்கள். காய்ந்த மாதிரிகளை வைத்துச் செய்யும் அறிவியலில் அவருக்கு நிறைவில்லை. உயிரோடு வளர்வதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். பார்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட காளான்களில் ஒன்று என் கையிலிருந்த இதே மஞ்சள் பாதம். 1932இல் இதன் கனியுடலை மட்டுமே பொருளாக வைத்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அன்று அதற்குப் பாலிஸ்டிக்டஸ் ஸான்தோபஸ் என்று பெயர்.

கார்னர் செய்தது இதுதான். காளானை வெட்டிப் பார்ப்பதற்குப் பதில், ஊசி கொண்டு இழை இழையாகப் பிரித்தார். ஒவ்வொரு இழையையும் அதன் நுனியிலிருந்து பின்னோக்கிப் பின்தொடர்ந்தார். வளரும் விளிம்பில் ஒரே வகை இழைதான் இருந்தது: மெல்லிய சுவர், உள்ளே சாறு, கணுவுக்குக் கணு ஒரு சின்னக் கொக்கி. சற்று உள்ளே போனால் இவற்றிலிருந்து இரண்டாம் வகை கிளம்பியது: தடித்த சுவர், கிளையில்லாமல் நீண்டு நேராக ஓடும் இழை. இன்னும் உள்ளே போனால் மூன்றாம் வகை: மெலிந்து, கொடிபோல வளைந்து நெளிந்து, கிளைத்துக் கிளைத்து, நேரிழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை இறுகக் கட்டும் இழை. முதல் வகை உயிர் கொடுப்பது, இரண்டாம் வகை எலும்பாவது, மூன்றாம் வகை கட்டுவது. ஓர் இழை வகை மட்டும் கொண்ட காளான், இரண்டு கொண்டது, மூன்றும் கொண்டது என்று மரக்காளான்களைப் பிரிக்கும் முறை இங்கிருந்து பிறந்தது. மோனோமிட்டிக், டைமிட்டிக், டிரைமிட்டிக் என்று அவர் வைத்த சொற்களை இன்றும் எந்தப் பூஞ்சையியல் மாணவரும் சொல்லாமல் இருக்க முடியாது.

இதைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் குடும்பம் சென்னிமலையில் நெசவுக் குடும்பம். அப்பாரு தறிக்குழியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு, குறுக்கே நாடாவில் ஓடும் ஊடை. பாவு மட்டும் இருந்தால் அது நூல்கற்றை, ஊடை விழ விழத்தான் துணி. காளான் ஏன் கிழியவில்லை, மழையில் மாதக்கணக்கில் நனைந்தும் ஏன் கரையவில்லை, ஏன் தோல்போல வளைகிறது என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நேரிழை பாவு. கட்டும் இழை ஊடை. பிறகு ஒருநாள் அகராதியைப் புரட்டியபோது மிட்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாவு நூல் என்றே பொருள் இருப்பதைப் பார்த்தேன். அப்பாரு இருந்திருந்தால் அவரிடம் கொண்டுபோய் இந்தக் காளானைக் கொடுத்திருப்பேன். விரலால் தடவிப் பார்த்தே நெசவு நெருக்கத்தைச் சொல்கிறவர் அவர்.

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நுண்ணோக்கியில் உட்காரும் வாய்ப்பும் கிடைத்தது. பிளேடால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நீலச் சாயம் விட்டு, மூடித் தகட்டை மெல்ல அழுத்திப் பார்த்தேன். முதலில் நூல் சிக்கல்தான் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நேரிழைகள் பிரிந்தன. தடித்த சுவர், நடுவில் கோடு போன்ற உள்வெளி. கட்டும் இழைகள் முள்வேலிக் கொடிபோல அவற்றைப் பற்றியிருந்தன. கொக்கி உள்ள மெல்லிழையைக் காண மறுநாள் வரை ஆயிற்று. ஸ்போர் அன்று கிடைக்கவே இல்லை. புத்தகத்தின்படி அது 6, 7 மைக்ரான் நீளத்தில் சற்றே வளைந்த உருளையாக இருக்க வேண்டும். மழை ஓய்ந்து விறைத்த காளானில் ஸ்போர் கிடைப்பது அரிது என்றார் பேராசிரியர். கிடைக்காததையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். “பாத்தேன், இல்லைன்னு எழுதுங்க. பாக்கவே இல்லைங்கிறது வேற, பாத்து இல்லைங்கிறது வேற.”

குறிப்பேட்டில் இன்னொரு வரி காலியாக இருந்தது. எந்த மரம்?

மரத்தில் வாழும் பூஞ்சைக்கு மரம்தான் ஊர், மரம்தான் உணவு. எந்த மரம் என்று எழுதாத மாதிரி, ஊர் பேர் இல்லாமல் வந்த கடிதம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.கே. பக்‌ஷி 1971இல் வெளியிட்ட இந்தியாவின் பாலிபோரேசி என்ற துளைக்காளான் குடும்பத்தைப் பற்றிய பெரிய நூலின் தலைப்பிலேயே மரங்களும் தடிகளும் இருக்கின்றன. ஆனால் காட்டில் விழுந்து கிடக்கும் கட்டை எந்த மரம் என்று எப்படிச் சொல்வது? இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை, பட்டையும் பாதி இல்லை. நின்றபோது இருந்த அடையாளங்களை எல்லாம் இழந்துவிட்ட உடல். அதை இழக்கச் செய்துகொண்டிருப்பதும் இதே பூஞ்சைதான். நாம் பெயர் தேடும் உயிர், தன்னைத் தாங்கியிருக்கும் மரத்தின் பெயரை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். “அடையாளம் தெரியாத அகன்ற இலை மரம்” என்று எழுதிவிட்டுப் போகலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுபடியும் வால்பாறைக்குப் போனேன். அதே அம்மாவையே தேடிப்போய் அழைத்தேன். கிளையைக் காட்டி, “இது என்ன மரம்னு சொல்ல முடியுமாம்மா?” என்றேன். அவர் காளான்களை ஒதுக்கிவிட்டு, பட்டை ஒட்டியிருந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக் கிளை நெடுகத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மரு மருவாக முண்டுகள்.

“வெடிப்பலா. பூவெல்லாம் கெளையிலயே கொத்துக் கொத்தா வைக்கும். வச்ச எடம் இப்பிடி முண்டு முண்டா நிக்கும். காயி முள்ளு உருண்டை. கொரங்கு சும்மா விடாது.”

வெடிப்பலாவை நான் நிமிர்ந்து பார்த்துப் பழகியவன். சிங்கவால் குரங்குகள் அதன் பூவையும் காயையும் தேடி வருவதைப் படித்திருக்கிறேன், ஒருமுறை பார்த்தும் இருக்கிறேன். செத்து விழுந்த கிளையில் பூத்த இடத்தின் தழும்பு மிஞ்சியிருக்கும் என்பதும், அதை விரலால் படிக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றியதே இல்லை. இதற்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. எனக்குப் பெயர் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். சொன்னேன். மஞ்சள் பாதம் என்று பொருள் சொன்னதும் குனிந்து ஒன்றின் அடியைப் பார்த்தார். “ஆமா, மஞ்சதான். எத்தன வருசம் பாத்திருக்கேன், காலப் பாத்ததில்ல.” பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது. தோட்டத்து வீடுகளில் விறகு பொறுக்கிய காலத்தில் இந்தப் புனல் முளைத்த கட்டையைப் பெண்கள் தலையில் ஏற்ற மாட்டார்களாம். “பாக்கப் பெருசா இருக்கும், தூக்குனா பஞ்சு. அடுப்புல வச்சா சடசடன்னு எரிஞ்சு ஓஞ்சிரும், சோறு வேகாது. உள்ள எல்லாம் வெளுத்துப் போயிருக்கும்.”

வெள்ளை அழுகல் என்று புத்தகத்தில் இதற்குப் பெயர். மரத்துக்கு உறுதியும் நிறமும் கொடுப்பது லிக்னின். அதைச் சிதைக்கும் திறன் கொண்ட உயிர்கள் உலகில் மிகக் குறைவு, அவற்றில் முதன்மையானவை இந்தப் பூஞ்சைகள். லிக்னின் போகப்போக மரம் வெளுத்து, நாராகி, பஞ்சாகிறது. லிக்னினை விட்டுவிட்டு செல்லுலோஸை மட்டும் தின்னும் வேறு சில பூஞ்சைகள் உண்டு. அவை தின்ற மரம் பழுப்பாகி, காய்ந்த குளத்து மண்போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். கட்டையை உடைத்து உள்நிறத்தைப் பார்ப்பதும் அடையாளம் காணும் படிகளில் ஒன்று. பேராசிரியர் கற்றுக்கொடுத்த அந்தப் படியை இந்தப் பெண்கள் தலைச்சுமையால் கற்றிருக்கிறார்கள். திங்காத காளானுக்குப் பெயர் எதற்கு என்று கேட்டவருக்கு அதைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருந்தது. பெயர் ஒன்றுதான் இல்லை. என்னிடம் பெயர் மட்டும் இருந்தது.

பெயரும் முழுசாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மஞ்சள் பாதம் என்று ஆப்பிரிக்காவிலும் சொல்கிறார்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொல்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களின் காடுகளில் இது இல்லை. இவ்வளவு அகன்ற நிலத்தில் வளர்வதெல்லாம் ஒரே உயிர்தானா? கனோடெர்மா லூசிடம் கதை நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் கண்டு 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. சீனாவில் மருந்தென்று போற்றி வளர்க்கும் லிங்ஷியையும் நெடுங்காலம் அதே பெயரால் அழைத்தார்கள். அது வேறு உயிர் என்று பிரித்து கனோடெர்மா லிங்ஷி என்று பெயர் வைத்தது 2012இல்தான். பூஞ்சைகளை மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று அறிவியலாளர்கள் முறையாக முன்மொழிந்ததும் அதே ஆண்டில். உலகில் பெயர் வைத்தாகிவிட்ட பூஞ்சைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017இல் வெளிவந்த மதிப்பீடு. வால்பாறைக் காளானின் மரபணு இழையைப் படித்து, சிங்கப்பூர் இழையோடும் ஆப்பிரிக்க இழையோடும் ஒருநாள் யாராவது ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடும்போது வேறு என்று தெரிந்தால், மஞ்சள் பாதம் என்ற பெயர் எங்கள் காளானை விட்டுப் போய்விடும். அதனால்தான் காகிதப் பொட்டலமும் அதன்மேல் எழுதும் நாலு வரியும் முக்கியம். பெயர் மாறினாலும் பொட்டலம் மாறாது.

தமிழில் இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று எனக்கு ஆசை. மஞ்சட்கால் காளான் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் என்பது பலர் வாயில் புழங்க வேண்டிய பொருள், தனியாக ஒருவன் உண்டாக்கிவிட முடியாது என்பதும் தெரியும். அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “மஞ்சக்காலு” என்றார். அது இன்னும் நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

என் பொட்டலத்தில் இப்படி எழுதியிருக்கிறது: மைக்ரோபோரஸ் ஸான்தோபஸ், மஞ்சக்கால். வால்பாறை, ஓடைக்கரை மழைக்காட்டுத் துண்டு. விழுந்த கிளை, வெடிப்பலா, பூ முண்டுகளைத் தடவிக் கண்டது. வெள்ளை அழுகல். ஸ்போர் பார்த்தேன், கிடைக்கவில்லை. காய்ந்த பிறகும் பாதத்து மஞ்சள் முழுதும் போய்விடவில்லை.

இந்த ஆண்டும் தென்மேற்குப் பருவம் பிடித்த பிறகு போனேன். ஓடை பெருகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டிலேயே இருந்துகொண்டு துணி முடிப்பை மட்டும் கொடுத்தனுப்பினார். கிளை அதே இடத்தில் கிடந்தது, ஆனால் பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. விரலால் அழுத்தினேன். முதல் கணு வரை உள்ளே போயிற்று. முண்டுகளைத் தேடித் தடவினேன்; பட்டை இருந்தால்தானே. மஞ்சக்கால் ஒன்றுகூட இல்லை. அது தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்க வேண்டும். அது நின்ற வரிசையிலேயே, கிளையின் மேற்பக்கத்தில், அரிசி மணி அளவில் வெள்ளையாக ஏதோ கூட்டமாக முளைத்திருந்தது. இதுவரை நான் பார்க்காதது. ஈர மண்ணில் மண்டியிட்டு, லென்ஸைத் திறந்து, ஒன்றை நுனிக்கத்தியால் மெல்லத் தூக்கி, முதலில் அதன் காலைப் பார்த்தேன்.